ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு ஹவில்தார்

முதல் நாள் காலையில் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும், நான் கோவித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறேன் என்றுதான் நினைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? முன்னால் நான் ஸ்கூட்டரில் போகிறேன். பின்னால் என் வீட்டுக்காரர் அரைக்கால் சட்டையும் பனியனுமாக, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வருகிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் நில்லு என்று கூப்பிடவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழிந்த ஒரு பொம்பளையை விடியற்காலையில் இந்தக் கோலத்தில் பார்த்தால் ராஜாக்கமங்கலத்தில் வேறு என்ன நினைப்பார்கள்?

டீக்கடை வாசலில் நின்ற ஒரு மாமா, கையிலிருந்த கிளாஸோடு ரோட்டில் இறங்கியே வந்துவிட்டார்.

"ஏ பிள்ளே சஜிதா, நில்லு. என்ன கோவம் இருந்தாலும் வீட்ல வச்சுப் பேசித் தீத்துக்கிடலாம்."

நான் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனேன். நிற்க முடியாது. நான் நின்றால் அவரும் நின்றுவிடுவார், அன்றைய ஓட்டம் பாழாகிவிடும். பின்னால் அவர், "கோவமில்ல மாமா, டெஸ்ட்டு, டெஸ்ட்டு" என்று கத்திக்கொண்டே வருவது கேட்டது. அந்தக் கத்தலில் போன மூச்சுக்கு, அன்றைக்குக் கால்வாய்ப் பாலம்வரைகூட அவர் வந்து சேரவில்லை.

என் வீட்டுக்காரர் முருகதாஸ் பட்டாளத்தில் ஹவில்தார். இருபத்திநாலு வருஷ சர்வீஸ் இந்த டிசம்பரோடு முடிகிறது. வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக் கேட்கலாம். ஆனால் அதற்கு உடம்புச் சோதனையில் தேறியாக வேண்டும். பழைய முறை என்றால் பெரிய காரியமில்லையாம். வயசு ஏற ஏறச் சலுகையும் ஏறும். நாற்பது தாண்டியவர் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்தாலும் கரையேறிவிடலாம். இப்போது முறையை மாற்றிவிட்டார்கள். முன்பு தனித்தனியாக இருந்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து, பெரிய அதிகாரி முதல் சமையல்காரர்வரை, தலை நரைத்தவர்கள் உட்பட எல்லாரும் ஓட வேண்டும் என்று உத்தரவு. மூணேகால் கிலோமீட்டர் ஓட்டம், தண்டால், படுத்து எழும்புவது, அதோடு இடுப்புச் சுற்றளவு. எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. இந்த மார்க்கைப் பார்த்துத்தான் நீட்டிப்பு. அவருக்கு டெஸ்ட், லீவு முடிந்து போன கையோடு.

ஆக, ஒரு மாச லீவில் வந்தவர் பெட்டியை இறக்கி வைத்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "சஜி, காலத்தே எழும்பணும்" என்பது.

தனியாக ஓடச் சொன்னால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. பத்தொன்பது வயசுப் பையன் என்று நினைத்துக்கொண்டு முதலிலேயே பறந்துவிடுவார். பாதி வழியில் கால் துவண்டு, வேலியைப் பிடித்து நிற்பார். அங்கே என்றால் இளம் பையன்கள் முன்னால் ஓடுவார்கள், அவர்களைப் பார்த்து இவர் ஓடுவார். இங்கே யார் இருக்கிறார்கள்? அதனால் நிழல்தாங்கல் கோயில் முக்கிலிருந்து கால்வாய்ப் பாலம் போய்த் திரும்பி வர, நான் ஸ்கூட்டரில் முன்னால் போக வேண்டும். ஒரே வேகம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது எவ்வளவு பாடு என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வண்டி குடிகாரன்போல ஆடும். கை மரத்துப் போகும்.

இதில் எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அவர் அந்த டெஸ்ட்டில் தோற்க வேண்டும். தோற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிசம்பரில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மகள் ஆதிரா பிறந்தபோது அவர் லடாக்கில். அவளுக்கு டெங்கு வந்தபோது அஸ்ஸாமில். ஒக்கிப் புயலில் வாழை அத்தனையும் படுத்து, ஓடு பறந்து, மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது ராஜஸ்தானில். போனில் "தைரியமா இரி" என்பார். தைரியமாக இருந்து என்ன செய்ய, கூரையில் தார்ப்பாய் கட்ட ஆள் வேண்டுமே! மோட்டார் எரிந்தால் நான், பாம்பு வந்தால் நான், கல்யாண வீட்டுக்கு நான், சாவு வீட்டுக்கும் நான். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்றால் அந்த வீட்டுக்கு ஆணும் பெண்ணும் அவளேதான். எனக்கு அலுத்து அலுத்து மடுத்துப் போய்விட்டது. வேறு வார்த்தை இல்லை. கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இந்த நிலைமையில் ஆக்சிலேட்டர் என் கையில். கொஞ்சம் தளர்த்தினால் போதும், அவருக்குத் தெரியவே தெரியாது. திரும்பி வந்ததும் போனில் நேரம் பார்த்து, "நேரத்துக்கு வந்துட்டீங்க" என்று ஒரு பொய் சொல்லலாம். லீவு முழுக்க அந்த வேகத்திலேயே பழகி, அங்கே போய்த் தோற்பார். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. தினமும் அந்த நினைப்பு வரும். தினமும் தளர்த்தாமல்தான் ஓட்டினேன். நான் பெரிய நல்லவள் என்பதால் இல்லை. அவ்வளவு தூரம் நாக்குத் தள்ள ஓடி வருகிற மனுஷனை ஏமாற்ற மனசு வரவில்லை. தோற்றால் அவராகவே தோற்கட்டும் என்று இருந்தேன். அவர் மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறுகிறதைப் பார்த்தால், நான் ஒன்றும் செய்யாமலே அது நடந்துவிடும் என்றுதான் தோன்றியது. வலது முழங்கால் முட்டில் வலி. என்னிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

ஓட்டம் பாதிச் சங்கடம் என்றால் சோறு மீதிச் சங்கடம். எங்கள் பக்கம் பட்டாளத்துக்காரன் லீவில் வந்தால் ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு நேரம் சாப்பிட வேண்டும். சும்மா சாப்பாடு இல்லை. நெய்மீன் குழம்பு, கோழி, அவியல், புளிசேரி, கடைசியில் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து ஒரு பிடி. இலையில் வெற்றிடம் தெரிந்தால் வீட்டுக்காரிக்கு அவமானம். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டை விட்டால் அந்தப் பகை பிள்ளைகள் காலம்வரை போகும். பதிலுக்கு இவர், பட்டாளத்துக் கேன்டீனில் வாங்கி வந்த ரம் குப்பி ஒன்றைப் பேப்பரில் சுற்றி அந்த வீட்டு ஆண் கையில் ஒதுக்குப்புறமாகக் கொடுப்பார். "இளச்சுப் போனியே மக்கா" என்று எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. லீவு முடிந்து போகும்போது மக்காவின் பேன்ட் பொத்தான் பூட்டாது.

இந்தத் தடவை யார் விருந்துக்கு விளித்தாலும் வேண்டாம் என்றார். குப்பியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தார். குப்பி வாங்கிய ஆண்களுக்கு ஆட்சேபம் இல்லை. பெண்களுக்குத்தான் ஆறவில்லை. சஜிதா புருஷனை எங்கேயும் சாப்பிட விடமாட்டேங்கிறாள் என்று பேச்சு வந்தது. ஏற்கெனவே கோவித்துக்கொண்டு போனவள்தானே நான்!

அவருடைய அக்கா முத்துக்கனி மைனி மணவாளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏட்டி, எனக்க தம்பிக்கு என்ன சீக்கு? எனக்கிட்ட மறைக்காத."

"சீக்கு ஒண்ணுமில்ல மைனி. பட்டாளத்துல டெஸ்ட்டு மாறிப்போச்சு. இடுப்பளவு குறையணும்."

"ஆம்பளைக்கு எதுக்குட்டி இடுப்பளவு? சர்க்காரு ஆள எடுத்து, சம்பளம் குடுத்து, திங்காதேன்னு சொல்லுமா? நேத்துப் பெய்த மழையில மொளச்சவள்னு என்ன நெனச்சியா?"

அந்த நேரம் பார்த்து அவர் மாடியில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். ஆதிரா எண்ணிக்கொண்டிருந்தாள். மைனி ஏறிப்போய்ப் பார்த்தாள். நாற்பத்துமூன்று வயசுத் தம்பி தரையில் கவிழ்ந்து கிடந்து உம் உம் என்று முக்குகிறார், மகள் பக்கத்தில் நின்று "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று அதட்டுகிறாள். மைனி இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றாள். "சோறு வேண்டாம்ங்கான். விடியக்காலம் பொண்டாட்டி வண்டிக்குப் பொறத்த ஓடுதான். தரையில கெடந்து முக்குதான். இது ஒடம்புல இல்லட்டி. தலையில."

நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நாங்கள் அய்யா வழிக்காரர்கள், கோயில் நேர்ச்சை எல்லாம் எங்களுக்கு வழக்கமில்லை. ஆனாலும் தலையில் ஒன்று என்று வந்துவிட்டால் மைனிக்கு மண்டைக்காட்டு அம்மன்தான் கதி. தலைவலிக்காரர்களுக்கு அங்கே மண்டையப்பம் நேர்ந்து படைப்பது வழக்கம். தலைவலியே வராத என் வீட்டுக்காரருக்கு மைனி மண்டையப்பம் நேர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை படைத்துவிட்டு, பெரிய தூக்குவாளி நிறையச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாவும் வெல்லமும் பயறும் ஏலக்காயும் சேர்ந்து வீடு முழுக்க மணத்தது. அவரோ மூன்று வாரமாக அவித்த பயறும் வெள்ளரிக்காயும் தின்று கிடந்தவர்.

"நேர்ச்ச சாதனம். வேண்டாம்னு சொல்லப்பிடாது மக்கா" என்று மைனி கண்ணீரோடு நின்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். ஒன்றைத் தின்றார். அக்காவின் கண்ணீர் நிற்கவில்லை, அதனால் இன்னொன்று. அப்புறம் கண்ணீர் நின்றுவிட்டது, இவர்தான் நிற்கவில்லை. தூக்குவாளியில் பாதி காலி.

"பாத்தியா? அம்மன் நேருலயே எறங்கிட்டா" என்று மைனி சந்தோஷமாகப் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை நான் பாலத்தில் போய் வண்டியைத் திருப்பியபோது பின்னால் ஆள் இல்லை. ரோட்டில் ஒரு நாயும், மீன் ஏற்றிப்போகிற ஒரு டெம்போவும் மட்டும். வந்த வழியே போனேன். வழியில் ஒரு சின்ன மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். வலது முழங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது, இது முடிந்துவிட்டது என்று.

எனக்கு வந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல! சிரித்துவிடுவேனோ என்று பயந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன்.

"முடியாதுன்னா விடுங்க" என்றேன். "எதுக்கு இந்தப் பாடு? டிசம்பர்ல பேசாம வீட்டுக்கு வந்திருங்க."

"வந்து?"

"வந்து என்ன? வீடு இருக்கு. நாங்க இருக்கோம்."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நம்ம வைகுண்டராஜன் அண்ணன் இருக்காருல்லா" என்றார்.

வைகுண்டராஜன் அண்ணன் எங்கள் தெருதான். சுபேதாராக இருந்து ஓய்வுபெற்று வந்தவர். இப்போது நாகர்கோவிலில் ஒரு நகைக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார்.

"இருக்காரு. அவருக்கு என்ன?"

"அண்ணன் லீவுக்கு வரும்போ எத்தன வீட்ல விருந்து நடக்கும், ஓர்ம இருக்கா? ரிட்டயர் ஆகி வந்த பொறவு அவர ஒரு வீட்ல விளிச்சிருக்காங்களா? நீ ஒரு நேரம் விளிச்சியா?"

நான் விளித்ததில்லை. அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை.

"விருந்து லீவுக்கு வந்தவனுக்குத்தான் சஜி. வந்து இருந்துட்டவனுக்கு இல்ல."

"உங்களுக்கு நான் சோறு போட மாட்டேனா?"

"சோத்துக் காரியமா நான் பேசுதேன்?" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்க வீட்ல மோட்டார் சுவிட்ச் எங்கன்னு எனக்குத் தெரியாது. முந்தாநாள் சுவர தடவிட்டு நின்னேன், ஆதிரா வந்து போட்டா. அவளுக்கு ஒண்ணு வேணும்னா உனக்கிட்ட கேப்பா. கேட்டு முடிவெடுத்த பொறவு எனக்கிட்ட சொல்லுவா. நான் இல்லாம நீ வீட்ட நல்லா ஓட்டிப் பழகிட்ட. இனி நான் வந்து எங்க நிக்க? அதுலயும் டெஸ்ட்ல தோத்து வந்தா? ஒதவாதுன்னு கழிச்ச சாமான் இல்லியா நான்? அப்பிடி வர எனக்குப் பயமா இருக்கு."

இந்த மனுஷன் குண்டு விழுகிற இடத்திலெல்லாம் நின்றிருக்கிறார். பயம் என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் எதற்குப் பயம்? நான் பத்தொன்பது வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுக்கு வர. எனக்கு எரிச்சலாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. எது முன்னால் வந்தது என்று கேட்டால் எரிச்சல்தான்.

"ஓட்டிப் பழகிட்டனா?" என்றேன். "பழகாம என்ன செய்ய? நீங்க அங்க நிக்கும்போ, வீடு இஞ்ச கெடந்து அழுகட்டும்னு விடவா? எனக்கு என்ன ஆசையா?"

நான் வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினேன்.

"எந்திரிங்க."

"எங்க?"

"பாலம் வரைக்கும். தோக்கதுக்குன்னா இத்தன நாளு எதுக்கு என்ன விடியக்காலம் எழுப்புனீங்க? எந்திரிங்க, சவத்த."

எழுந்தார். நொண்டி நொண்டித்தான் ஓடினார். அன்றைக்கு நேரம் பார்க்கவில்லை. பாலம் தொட்டுத் திரும்பி வீடுவரை வந்தோம்.

வீட்டுக்கு வந்து மீதி மண்டையப்பத்தை அப்படியே வைகுண்டராஜன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் யூனிஃபார்ம் போட்டு வேலைக்குக் கிளம்பி நின்றார். "ஞாயிற்றுக்கிழம மத்தியானம் நம்ம வீட்ல சாப்பாடு அண்ணே" என்றேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டு, ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு முதல் என் ஆசை குழம்பிவிட்டது. இவர் தோற்று வரவேண்டாம் என்று தோன்றியது. தோற்று வந்தால் அந்த முகத்தை டிசம்பர் முதல் சாகிறவரை நான்தானே பார்க்க வேண்டும்! ஆனால் ஜெயித்தால் போய்விடுவார், இன்னும் இரண்டு வருஷம். தோற்கவும் கூடாது, போகவும் கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கே தெரியவில்லை. யோசித்து யோசித்துக் களைத்துப்போய், ஓட்டுகிற வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்று இருந்துவிட்டேன். முட்டுக்கு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி நான்தான் போட்டுவிட்டேன். விருந்துக்கு விளிக்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பினேன். என் பெயர் ஊரில் நாறிப்போனது. அது ஏற்கெனவே நாறினதுதான்.

கடைசி நாள் காலையில், நிழல்தாங்கல் முக்கில் நான் வண்டியை நிறுத்தியபோது அவர் என் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரத்துக்கு வந்துவிட்டார். போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏற்றிவிட்டு, ஆதிராவும் நானும் திரும்பி வந்தோம். அடுத்த நாள் அதிகாலை தானாகவே விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். செய்ய ஒன்றும் இல்லை.

டெஸ்ட் முடிந்து மத்தியானம் கூப்பிட்டார். நான் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றேன்.

"பாஸ்" என்றார்.

"நல்லது" என்றேன்.

"ஓட்டத்துலதான் இழுபறி. முட்டு செத்துப்போச்சு. நீ முன்னால போறதா நெனச்சுக்கிட்டு ஓடினேன்."

எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். அதோடு சேர்ந்து மண்வெட்டியைத் தூக்கிக் கால்வாயில் எறிய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு அவரை நானே முன்னால் நின்று கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"இது ஒரு தடவயோட தீராது கேட்டியா" என்றார். "இனி வருஷத்துக்கு ரெண்டு தடவ. நீட்டிப்பு கிடைச்சாலும் ஓடிட்டே இருக்கணும்."

"அப்பம் இனி வார லீவெல்லாம் இதுக்குத்தானா?"

"அப்பிடித்தான் வரும்."

வெயில் தலையில் இறங்கியது. அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"சஜி, நீட்டிப்புக்கு ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க. வேணும்னா வேணும்னு எழுதி கையொப்பு போடணும். நாளைக்குக் கடைசி. போடட்டா?"

நான் மண்வெட்டியை ஊன்றி நின்றேன். பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. போஸ்டிங் வந்தால் சொல்லுவார், லீவு ரத்தானால் சொல்லுவார். சொல்லத்தான் செய்வார். நீங்களே பாத்துச் செய்யுங்க என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய் எனக்கும். அன்றைக்கும் அதுதான் முதலில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"போடாதீங்க" என்றேன். "எனக்கு ஏலாது. இங்க வாங்க."

"வந்து என்ன செய்ய?"

"நான் செய்யுததுல பாதி."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"பாதின்னா எவ்வளவு?" என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வந்து பாருங்க" என்றேன். "சும்மா இருக்கதுக்கு உங்கள ஒருத்தரும் விளிக்கல்ல. இஞ்ச ஆள் தேவ இருக்கு. டெஸ்ட்ல ஜெயிச்ச ஆளு தேவ இருக்கு."

"யோசிக்கணும்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் ரேஷன் கடையில் நின்றேன். கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. வரிசை நகரவில்லை. எனக்குப் பின்னால் செசிலி அக்கா மெஷினையும் சர்க்காரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது, அதற்குமேல் கெஞ்ச எனக்கு வராது.

பதினோரு மணி இருக்கும், மெசேஜ் வந்தது.

"போடல. டிசம்பர்ல வாறேன்."

இரண்டு தடவை வாசித்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. இத்தனை வருஷமாக எங்கே நின்றதோ தெரியாத ஒரு களைப்பு, கால் வழியாக மேலே ஏறி வந்தது. நிற்க முடியவில்லை.

"என்ன பிள்ளே, மயக்கமா?" என்றாள் செசிலி அக்கா.

"இல்லக்கா. கொஞ்ச நேரம் இருக்கணும்."

"வரிச போயிரும் கேட்டியா?"

"நீங்க பாத்துக்கிடுங்கக்கா" என்று சஞ்சிப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைப் படியில் போய் உட்கார்ந்தேன். மெஷின் சரியாகி வரிசை நகரத் தொடங்கியது. செசிலி அக்கா என்னைக் கூப்பிட்டாள், அப்புறம் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.